ஒரு மேசையில் இருவர் வேலை: விமானக் கட்டுப்பாட்டாளர்களின் பணிச்சுமையும் நடுவானத்து நெருக்கங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இரண்டு விமானங்கள் நூலிழையில் தப்பின" என்று ஒரு செய்தி வந்தால், "கட்டுப்பாட்டாளர் பணியிலிருந்து விலக்கப்பட்டார்" என்ற செய்தியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே அந்த அறையில் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பலரும் கேட்கும் கேள்விகளுக்கு, முழுமையாக விசாரிக்கப்பட்ட சம்பவங்களைக் கொண்டே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கட்டுப்பாட்டாளர் என்றால் விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர்தானே?

அவர் ஒரு வகை மட்டுமே. கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையையும் அதைச் சுற்றிய சில மைல்களையும் பார்த்துக்கொள்கிறார். புறப்பட்ட விமானத்தை மேலே அனுப்புவதும், இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்துவதும் வேறொரு பிரிவின் வேலை. உயரத்தில் நெடுந்தூரம் செல்லும் விமானங்களைக் கவனிப்பவர்களோ ரேடார் திரைகள் நிறைந்த அறையில் அமர்ந்திருப்பார்கள்; அவர்கள் கண்ணில் விமானமே படாது. சென்னையில் இறங்காமல் தென்னிந்தியாவைக் கடந்து போகும் வெளிநாட்டு விமானங்களோடும் சென்னை மையத்தில் ஒருவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

வானம் செக்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நெரிசலான செக்டரில் இருவர் அமர்வது வழக்கம். ஒருவர் விமானிகளோடு பேசுவார். மற்றவர் பக்கத்துச் செக்டர்களோடு தொலைபேசியில் பேசி, வரப்போகும் சிக்கலை முன்கூட்டியே பார்த்துச் சொல்வார். இந்த இரண்டாவது ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் பலவும் அவர் இல்லாத நேரத்தைப் பற்றியவை.

இரண்டு விமானங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

செங்குத்தாகப் பொதுவாக 1,000 அடி. அது இல்லையென்றால் பக்கவாட்டில், ரேடார் கண்காணிப்பில் நெடுந்தூரப் பாதைகளில் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் 3 கடல் மைல். இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

5 கடல் மைல் என்பது சுமார் 9 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அந்தத் தூரத்தைக் கடக்க இருபது விநாடிகூட ஆகாது. ஆகவே இடைவெளி குறைந்த பிறகு யோசிக்க நேரம் இல்லை. கட்டுப்பாட்டாளரின் வேலை மோதலைத் தடுப்பது அல்ல, மோதலுக்கான நிலைமையே பத்து நிமிடத்துக்கு முன்பு உருவாகாமல் பார்த்துக்கொள்வது.

இடைவெளி குறைந்தாலே "நூலிழையில் தப்பியது" என்று சொல்லலாமா?

கூடாது. 1,000 அடிக்குப் பதில் 800 அடி இருந்தாலும் விதிமீறல்தான். ஆனால் பயணிகளுக்கு அப்போது ஆபத்து நேர்ந்தது என்று சொல்ல முடியாது. அதே சமயம் இத்தகைய சிறு மீறல்களைத் தள்ளிவிடுவதும் தவறு. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் அருகே 2025 ஜனவரி 29 அன்று பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். பின்னர் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பழைய பதிவுகளைத் தோண்டியது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த ஒரே விமான நிலையத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்கும் 400 அடிக்கும் குறைவாக நெருங்கிய நிகழ்வுகள் 15,214. அவற்றில் 85 நிகழ்வுகளில் பக்கவாட்டு இடைவெளி 1,500 அடிக்கும், உயர இடைவெளி 200 அடிக்கும் குறைவு. தரவு முழுவதும் அரசின் கையிலேயே இருந்தது. விபத்துக்கு முன் அதை யாரும் எடுத்துப் படிக்கவில்லை என்பதுதான் என்னால் இன்றும் ஏற்க முடியாதது.

பணிச்சுமை என்பது எத்தனை விமானங்களைக் கையாள்கிறார் என்பதுதானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், நிர்வாகங்களும் அப்படித்தான் கணக்குப் போடுகின்றன. ஒரே உயரத்தில் ஒரே திசையில் சீராகப் போகும் பதினைந்து விமானங்கள் அனுபவமுள்ளவருக்குப் பெரிய பாரம் இல்லை. ஏறும் விமானம் ஒன்று, இறங்கும் விமானம் ஒன்று, பதில் சொல்லாத தொலைபேசி ஒன்று, இவை சேர்ந்தால் மூன்று விமானங்களே ஒருவரைத் திணறடிக்கும். சுமை என்பது தலைக்குள் எத்தனை முடிவுகள் பாதியில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது.

1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கோபுரத்தில் ஒரு கட்டுப்பாட்டாளர் சிறிய விமானம் ஒன்றை ஓடுபாதையில் போய் நிற்கச் சொன்னார். அந்த நேரத்தில் வேறொரு விமானத்தின் விவரச்சீட்டு மேசையில் காணவில்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் அவர் கவனம் போயிற்று. நிற்கச் சொன்ன விமானம் நினைவிலிருந்து நழுவியது. அதே ஓடுபாதையில் போயிங் 737 ஒன்றை இறங்கச் சொன்னார். 35 பேர் இறந்தார்கள். விசாரணை வாரியம் அவருடைய மறதியோடு நின்றுவிடவில்லை. ஒருவர் மறந்தால் இன்னொருவரோ ஒரு கருவியோ பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அந்தக் கோபுரத்தில் இல்லை என்பதையே முதன்மையான காரணமாக எழுதியது.

ஊபர்லிங்கன் விபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

2002 ஜூலை 1, உள்ளூர் நேரம் இரவு 11.30 தாண்டிவிட்டது. ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில் ஊபர்லிங்கன் என்ற ஊரின் மேலே 36,000 அடியில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று குறுக்கிட வந்துகொண்டிருந்தன. ஒன்று, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போன ருஷ்ய டியூ-154. அதில் 69 பேர். பெரும்பாலோர் உஃபா நகரத்திலிருந்து விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள். மற்றது, இத்தாலியின் பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போன டிஎச்எல் சரக்கு விமானம், போயிங் 757. அதில் இரண்டு விமானிகள். இடம் ஜெர்மனி என்றாலும் அந்த வான்பகுதியைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் மையம்.

அன்றிரவு பணியில் இருவர். ஒருவர் ஓய்வறைக்குப் போயிருந்தார். இது விதியில் இல்லாத வழக்கம். ஆனால் இரவில் விமானங்கள் குறைவு என்பதால் பல ஆண்டுகளாக நிர்வாகம் அறிந்தே நடந்துவந்தது. எஞ்சியவர் பீட்டர் நீல்சன். அவர் முன்னால் இரண்டு மேசைகள், இரண்டு அலைவரிசைகள். தாமதமாக வந்த ஏர்பஸ் ஒன்றை ஃபிரெட்ரிக்ஸ்ஹாஃபனில் இறக்க ஒரு மேசை. மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. நாற்காலியை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

அதே இரவில்தான் ரேடார் கணினியில் பராமரிப்பு வேலை. விமானங்கள் நெருங்கினால் திரையில் மின்ன வேண்டிய எச்சரிக்கை வேலை செய்யவில்லை. அது வேலை செய்யாது என்பது அவருக்குத் தெளிவாகச் சொல்லப்படவும் இல்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் பராமரிப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. மாற்று இணைப்பு பழுது. ஃபிரெட்ரிக்ஸ்ஹாஃபனைத் தொலைபேசியில் பிடிக்க அவர் திரும்பத் திரும்ப முயன்றார், கிடைக்கவில்லை. அதற்குள் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் அவர்களுடைய திரையில் எச்சரிக்கை வந்துவிட்டது. அவர்கள் சூரிச்சைப் பல முறை அழைத்தார்கள். மணி அடிக்கவில்லை.

23:34:49. நீல்சன் பார்த்துவிட்டார். ருஷ்ய விமானத்தை உடனே கீழே இறங்கச் சொன்னார். மோதலுக்கு இன்னும் 43 விநாடி. ஏழு விநாடி கழித்து இரண்டு விமானங்களிலும் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி பேசியது: ருஷ்ய விமானத்துக்கு "ஏறு", சரக்கு விமானத்துக்கு "இறங்கு". ருஷ்ய விமானி அறையில் துணை விமானி, கருவி ஏறச் சொல்கிறது என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவர்கள் கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டு இறங்கினார்கள். சரக்கு விமானமும் கருவியைக் கேட்டு இறங்கியது. ஆணையைத் திரும்பச் சொல்லிவிட்டு, சிக்கல் தீர்ந்தது என்று எண்ணி நீல்சன் ஏர்பஸ் இருந்த மேசைக்குத் திரும்பினார். டிகாஸ் சொன்னபடி இறங்குகிறோம் என்று சரக்கு விமானம் சொன்னது அவர் காதில் விழவில்லை. 23:35:32-க்கு, 34,890 அடியில் மோதின. 71 பேரும் இறந்தார்கள்.

அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த விமானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கருவி ஒன்று சொல்கிறது, கட்டுப்பாட்டாளர் வேறொன்று சொல்கிறார். விமானி யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

கருவியின் பேச்சை. இன்று அதில் சந்தேகமே இல்லை. டிகாஸ் இரண்டு விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்கள் (விமானம் யார், எந்த உயரத்தில் என்று தானே அறிவிக்கும் கருவிகள்) வழியே ஒன்றோடொன்று பேசி, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்புகிறது. ஒருவர் மட்டும் அதை மீறினால் ஏற்பாடு முழுவதும் தலைகீழாகிவிடும்.

வேதனை என்னவென்றால், ஊபர்லிங்கனுக்கு 17 மாதம் முன்பே ஜப்பான் இதைக் கண்டுவிட்டது. 2001 ஜனவரி 31 அன்று ஷிசுவோகா மாகாணத்தின் யாய்சு அருகே ஜப்பான் ஏர்லைன்ஸின் 907, 958 என்ற இரண்டு விமானங்கள் நெருங்கின. இரண்டிலும் சேர்த்து 677 பேர். பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் 958-ஐ இறக்க நினைத்து 907-ஐ இறங்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் பதறிக் குறுக்கிட்டார். அவர் வாயிலிருந்து வந்த எண் 957. அப்படி ஒரு விமானமே அங்கே இல்லை. 907-க்கு டிகாஸ் "ஏறு" என்றது, விமானி இறங்கினார். 958-ம் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கடைசி நொடியில் 907-ன் விமானி கண்ணால் பார்த்து விமானத்தைக் குத்தாகக் கீழே தள்ளியதால் தப்பினார்கள்.

ஒருவர் மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் சர்வதேச விதிகளில் இருந்த இரட்டைப் பொருள் நீங்கியது ஊபர்லிங்கனுக்குப் பிறகுதான். டிகாஸ் ஆணை வந்தால் அதையே பின்பற்ற வேண்டும், அந்தச் சமயத்தில் கட்டுப்பாட்டாளர் புது ஆணை தரக் கூடாது என்பது இப்போது எங்கும் விதி.

டிகாஸ் இருக்கும்போது கட்டுப்பாட்டாளரின் சுமையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

அது கடைசித் தடுப்பு மட்டுமே. தரைக்கு அருகில், ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே, அது ஏற-இறங்கச் சொல்லாது. வாஷிங்டன் மோதல் நடந்தது சுமார் 300 அடியில். மற்ற விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இயங்காவிட்டாலும் அதற்குக் கண் தெரியாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காடுகளுக்கு மேலே கோல் நிறுவனத்தின் 737-ம் ஒரு சிறிய தனியார் ஜெட்டும் மோதி 154 பேர் இறந்தது அப்படித்தான். சிறிய ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் அணைந்திருந்ததை விமானிகளும் உணரவில்லை, தரையில் இருந்தவர்களும் கேட்கவில்லை.

வாஷிங்டனில் ஆள் பற்றாக்குறைதான் காரணமா?

அதை மட்டும் காரணமாகச் சொன்னால் விசாரணைக்கு நியாயம் செய்தவர் ஆக மாட்டோம். ஹெலிகாப்டர்கள் போட்டாமாக் ஆற்றின் மேல் 200 அடிக்குள் பறக்க வேண்டியிருந்த பாதை, 33-ஆம் ஓடுபாதையில் இறங்கும் விமானங்களுக்கு அடியில் போனது. இரண்டும் விதிப்படி பறந்தாலும் சில இடங்களில் இடைவெளி வெறும் 75 அடியாகிவிடும் என்று வாரியம் சொன்னது. அன்று ஹெலிகாப்டர் 200 அடியைத் தாண்டியிருந்தது. வழித்தடமே அபாயமாக வரையப்பட்டிருந்தது.

ஆனால் கோபுரத்தில் ஹெலிகாப்டர்களுக்கான மேசையும் விமானங்களுக்கான மேசையும் ஒருவரிடமே இருந்தன என்பதும் உண்மை. அவர் ஹெலிகாப்டரிடம், விமானம் தெரிகிறதா என்று கேட்டார், தெரிகிறது என்றார்கள். இரவில் வரிசையாக வரும் விளக்குகளில் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று சரிபார்க்கத் தனியாக ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் விளைவு மாறியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. மாறுவதற்கான வாய்ப்பை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

ஆள் குறைவு என்றால் ஆள் எடுத்துவிட வேண்டியதுதானே?

இன்று எடுத்தவர் நாளை மேசையில் அமர முடியாது. அமெரிக்காவில் 31 வயதுக்குள் சேர வேண்டும், 56-ல் ஓய்வு பெற்றாக வேண்டும். ஓக்லஹோமா நகரப் பயிற்சிக் கழகத்தைத் தாண்டி, பணியிடத்தில் அந்தந்தச் செக்டருக்குத் தகுதி பெற ஆண்டுகள் ஆகும். ஒரு செக்டருக்குப் பெற்ற தகுதி அடுத்த ஊரில் செல்லாது. அங்கே மறுபடியும் படிக்க வேண்டும். பயிற்சி தருபவர்களும் அதே மேசைகளில் உழைப்பவர்கள்தான். ஆள் குறையக் குறையப் பயிற்சி தரவும் ஆள் இல்லாமல் போகிறது.

1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் ஒரே அடியாக நீக்கினார். அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்றும் அங்கே பல மையங்களில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வேலை வாங்கப்படுகிறது.

இரவுப் பணியில் தூங்கிவிடுவார்களா?

தூங்கியிருக்கிறார்கள். 2011 மார்ச்சில் இதே ரீகன் விமான நிலையக் கோபுரத்தில் நள்ளிரவுப் பணியில் இருந்த ஒரே ஒருவர் உறங்கிவிட, இரண்டு விமானங்கள் கோபுரத்தின் உதவி இல்லாமலே இறங்கின. கோபப்படுவதற்கு முன் பணி அட்டவணையைப் பாருங்கள்: இரண்டு நாள் மாலை, இரண்டு நாள் காலை, கடைசியில் நள்ளிரவு என்று ஒவ்வொரு நாளும் முன்னுக்கு நகரும் முறை அங்கே பல காலம் வழக்கம். உடல் எந்த நேரத்துக்கும் பழகுவதில்லை. பணிகளுக்கு இடையே குறைந்தது 10 மணி நேரம், நள்ளிரவுப் பணிக்கு முன் 12 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கா அறிவித்தது 2024-ல்தான். பிரிட்டனில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து மேசையில் இருந்தால் அரைமணி இடைவேளை தர வேண்டும் என்பது நெடுங்காலமாக விதி.

இந்தியாவில் என்ன நிலை?

உலகின் மிகக் கொடிய நடுவான மோதல் இங்கேதான் நடந்தது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவுதி 747-ம் இறங்க வந்த கஜகஸ்தான் இல்-76-ம் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே வந்ததே நேரடிக் காரணம் என்று நீதிபதி லகோத்தி ஆணையம் கண்டது. அன்று டெல்லி கட்டுப்பாட்டாளரின் ரேடாரில் விமானத்தின் உயரம் தெரியாது. விமானி சொன்ன உயரத்தை நம்புவதைத் தவிர வழியில்லை. ஏறவும் இறங்கவும் ஒரே பாதை. அவர்மீது பழி போடாமல் பாதைகளைப் பிரித்ததும், டிகாஸைக் கட்டாயமாக்கியதும் சரியான முடிவுகள்.

பணி ஒருங்கிணைப்பு சறுக்கியதற்கு அண்மைய உதாரணம் பெங்களூரு. 2022 ஜனவரி 7 காலை ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் இணை ஓடுபாதைகளிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றையொன்று நோக்கித் திரும்பின. ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துவது என்று எடுத்த முடிவு மற்ற ஓடுபாதையைக் கவனித்தவருக்குச் சொல்லப்படவில்லை. ரேடாரில் அமர்ந்திருந்தவர் கவனித்து இரண்டையும் விலக்கிவிட்டார். அங்கே இன்னொரு ஜோடிக் கண் இருந்தது.

கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி மறுக்கலாமா?

ஆபத்து என்று தெரிந்தால் மறுக்க வேண்டும். 2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் விமானத்தைத் துருக்கி வானில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறச் சொன்னார்கள். அதே உயரத்தில் அருகே வேறொரு விமானம் இருப்பதைக் கருவியில் பார்த்த விமானிகள் ஏற மறுத்ததாகச் செய்தி வந்தது. அவர்களுடைய விழிப்பை நிறுவனம் வெளிப்படையாகப் பாராட்டியது.

தவறு செய்த கட்டுப்பாட்டாளரைச் சிறையில் போடுவது சரியா?

என் பதில்: வேண்டுமென்றோ போதையிலோ செய்தாலன்றி, கூடாது.

1976 செப்டம்பர் 10 அன்று யூகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகரின் மேலே பிரிட்டிஷ் டிரைடன்ட் விமானமும் டிசி-9 விமானமும் மோதி 176 பேர் இறந்தார்கள். மேல் அடுக்கைக் கவனித்த கிராதிமிர் தாசிச் அந்த நிமிடங்களில் தனியாக இருந்தார். மாற்றுக்கு வர வேண்டியவர் வரவில்லை, உடன் இருந்தவர் எழுந்து போயிருந்தார். டிசி-9 அவரோடு பேசத் தொடங்கியதும் மோதலுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஏறுவதை நிறுத்தச் சொன்னார். அவர்கள் நின்ற உயரமே டிரைடன்ட் பறந்த 33,000 அடி. வழக்கில் பலர் நிறுத்தப்பட்டு, தாசிச் ஒருவருக்கே ஏழாண்டுத் தண்டனை. சக கட்டுப்பாட்டாளர்கள் மனுக் கொடுத்துப் போராடிய பிறகு விடுவிக்கப்பட்டார். அட்டவணை போட்டவர்கள், ஆளில்லாமல் செக்டரை நடத்தியவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஊபர்லிங்கனில் அது இன்னும் கொடூரமாக முடிந்தது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த விதாலி கலோயெவ் 2004 பிப்ரவரியில் நீல்சனின் வீட்டு வாசலிலேயே அவரைக் குத்திக் கொன்றார். 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பொறுப்பை மேசைக்கு மேலே இருந்தவர்களிடம் தேடிய அரிதான தீர்ப்பு அது. நீல்சன் உயிரோடு இருந்து அதைப் பார்க்கவில்லை.

தண்டனைக்குப் பயந்தால் சிறு தவறுகளை யாரும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் தன்னார்வ அறிக்கை முறையில் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தம் பெயர் வெளிவராமல் தவறுகளை எழுதியனுப்பலாம். விமானத் துறையை நடத்தும் ஒழுங்குமுறை அமைப்பு அல்லாமல் வேறோர் அமைப்பு அதை நடத்துவதால்தான் மக்கள் நம்பி எழுதுகிறார்கள்.

பயணியாகிய நான் இதில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. யாய்சு சம்பவத்தில் விமானங்கள் மோதவில்லை, ஆனால் 907-ல் சுமார் 100 பேர் காயமடைந்தார்கள். இருக்கையில் பெல்ட் போடாதவர்களும், பானம் பரிமாறிக்கொண்டிருந்த பணிப்பெண்களும்தான் மேற்கூரையில் மோதினார்கள். பரிமாறும் தள்ளுவண்டியே கூரைக்குப் போயிற்று. பெல்ட் விளக்கு அணைந்த பிறகும், எழுந்து நடக்க வேண்டிய நேரம் தவிர, பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டிருங்கள்.